அரைப்பேர்க் கணினி

மலைநாட்டுக் கலை எழுச்சி அதிகார சபையின் தலைமையகம் ஹட்டனில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. கீழே கோழிக் கடை, மேலே கலை எழுச்சி. படிக்கட்டின் வாசல் கோழிக் கடைக்குள் இருப்பதால், எழுச்சிக்காக வருகிறவர்கள் கோழிக்காக நிற்பவர்களை விலக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். சபையின் தவிசாளர் யோகேஸ்வரன் இதைப் பற்றிப் பல மேடைகளில் மனம் வருந்திப் பேசியிருக்கிறார். கோழிக் கடைக்காரர் எந்த மேடையிலும் எதுவும் பேசியதில்லை. அவருக்கு வேலை இருந்தது.

வினோஜன் அந்தப் படியில் முதன்முதலாக ஏறியது ஓகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமை. வயது இருபத்து மூன்று. பஸ் நிலையத்துக்கு எதிரே ஹமீத் முதலாளியின் போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. மிச்ச நேரத்தில் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், தங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில், ஒரு பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு பாட்டு செய்வான். அந்த மடிக்கணினிக்கு நான்கு ட்ராக் வரைதான் சகிப்புத்தன்மை. தபேலா ஓடினால் வயலின் நிற்கும். வயலின் ஓடினால் குரல் திக்கும். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தால் திரை நீலமாகி, சிந்தனையில் ஆழ்ந்துவிடும்.

குரல் அவனுடைய அக்கா பிரேமினியுடையது. பிரேமினி அதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தாள். அவள் பாட ஆரம்பித்தால் பக்கத்துக் காம்பராக்காரர்கள் டிவியின் சத்தத்தைக் குறைப்பார்கள். லயத்தில் இதைவிடப் பெரிய பட்டம் எவருக்கும் கிடைத்ததில்லை.

கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நிலையம் நாடகங்களுக்குப் பாட ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு, வினோஜன் அக்காவின் பாட்டைப் போனில் பதிந்து அனுப்பியிருந்தான். அங்கிருந்த ஒரு அம்மணி கூப்பிட்டுப் பேசினார்.

"குரல் பிரமாதம் தம்பி. ஆனா பின்னால மழை, தகரம், ஒரு நாய், யாரோ புருசன் பொஞ்சாதி சண்ட. முழு மியூசிக்கோட சுத்தமா ஒரு பாட்டு, செப்டெம்பர் முப்பதுக்குள்ள அனுப்புங்க. சரிவந்துச்சுன்னா குழுவுல எடுத்துக்கிறோம். மாசச் சம்பளம்."

இன்னொரு பக்கம் குவைத் இருந்தது. ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தான். ஒக்டோபர் மூன்றாம் தேதி விமானம்.

"ரெண்டுல எது மொதல்ல வருதோ அதுல ஏறிக்கிறேன்டா," என்றாள் பிரேமினி.

இந்த நேரத்தில்தான் சபை பத்திரிகையில் விளம்பரம் போட்டது: 'கணினி வழிக் கலை எழுச்சி. தோட்டத்துக் கலைஞர்களுக்கு இலவசக் கணினி.' வினோஜன் அன்றைக்கே இம்தியாஸ் நானாவின் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினான், விலைப்பட்டியல் வாங்க.

"எதுக்கு மெஷின்? கேமா, எடிட்டிங்கா?" என்றார் இம்தியாஸ்.

"பாட்டு பண்ண நானா."

"வீடியோ ஒண்ணும் இல்லயே?"

"பாட்டு மட்டுந்தான்."

"அப்ப கிராபிக்ஸ் கார்ட் வேணாம். அது படத்துக்கு. சல்லிய அதுல கொட்டாத. ஒனக்கு வேண்டியது நல்ல ப்ராசஸர், நெறய ரேம், ஒரு எஸ்எஸ்டி, மைக்கைக் கொழுவ ஒரு ஆடியோ இன்டர்பேஸ். திரையில கோடு தெரியிறதுக்கு ப்ராசஸருக்குள்ளயே ஒண்ணு இருக்கு, அதே தாராளமாக் காணும். கார்ட் போட்டா அதோட ஃபேன் வேற சுத்தும். ஒங்க அக்கா பாடுறப்ப பின்னால ம்ம்ம்னு அதுவும் சேந்து பாடும்."

விலைப்பட்டியலைத் தட்டச்சு செய்து, கடைசி வரியில், மனிதருக்கு மனிதர் உதவியாக, 'கிராபிக்ஸ் கார்ட்: தேவையில்லை' என்றும் சேர்த்தார். மொத்தத் தொகை சபை ஒரு கலைஞருக்கு ஒதுக்கியிருந்த இரண்டரை இலட்சத்துக்குள் கச்சிதமாக அடங்கியது. அந்தக் கடைசி வரியை மட்டும் அவர் எழுதாமல் இருந்திருந்தால், இந்தக் கதையே இல்லை. படித்தவர்கள் செய்கிற பிழை அது: கேட்காத கேள்விக்கு உண்மையைச் சொல்வது.

விண்ணப்பப் படிவம் பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'கோரப்படும் கணினியில் கிராபிக்ஸ் கார்ட் உண்டா? இல்லையெனில், இல்லாமைக்கான காரணம் என்ன? காரணத்தைக் கிராம சேவகர் உறுதிப்படுத்தல் வேண்டும்.' கிராம சேவகர் கையெழுத்துப் போட்டார். அவர் எதற்கும் போடுவார். நல்ல மனிதர்.

அந்த முதல் திங்கட்கிழமை அவன் படிவத்தோடு மாடி ஏறியபோது, சபையின் நிர்வாக உத்தியோகத்தர் நிலக்ஷி மிஸ் அதை வாங்கி நிறுத்துப் பார்ப்பதைப் போலக் கையில் ஏந்தினார்.

"இனிமே ஒவ்வொரு திங்களும் ஏழரைக்குப் பெரட்டுக்கு வரணும் தம்பி."

"பெரட்டா? ஆபீஸ்லயா மிஸ்?"

"சேரோட யோசன."

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்து மலைக்கு அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். யோகேஸ்வரன் அதைக் கலைக்கும் கொண்டுவந்திருந்தார். அடுத்த திங்கள் கோழிக் கடை வாசலில் ஒன்பது கலைஞர்கள் வரிசையாக நின்றார்கள். கூண்டுக் கோழிகள் அவர்களைப் பார்த்தன. அவர்கள் கோழிகளைப் பார்த்தார்கள். எட்டே காலுக்குத் தவிசாளர் காரில் வந்து இறங்கினார்.

"பெரட்டு நம்ம பாரம்பரியம்," என்றார். "வெள்ளக்காரன் தந்துட்டுப் போனதுதான். ஆனா அவனே மறந்துட்டான், நாமதான் பத்திரமா வச்சிருக்கோம்."

தப்படிக்கும் செல்லசாமி, தப்புக்குப் புதுத் தோல் கேட்டு விண்ணப்பித்தவர், கையை உயர்த்தினார். தோலுக்கு உத்தரவாத அட்டை கேட்கிறார்கள், மாடு இறந்துவிட்டது, யாரிடம் வாங்குவது என்று கேட்டார். அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வரிசையில் பேர் கூப்பிட்டவர் பழனியாண்டி. தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது சபையின் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுத் தலைவர். வினோஜன் முறை வந்ததும் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"நீ அழகம்மா மகன்ல?"

"ஆமாங்கய்யா."

"அடடே. ஒங்கம்மாவுக்கு நான் எத்தன அரைப்பேர் போட்டிருக்கேன் தெரியுமா!" என்றார், சொந்தக்காரப் பாசத்தோடு.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த கிலோவுக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர், அரைச் சம்பளம். மலையேறி இறங்கியது முழு ஆள்தான். ஆனால் செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தில் இடுப்புக்கு மேலே மட்டும் வேலைக்கு வந்ததாக இருக்கும். பழனியாண்டி அந்தப் புத்தகத்தை முப்பத்தொரு வருடம் எழுதியவர். அதற்குப் பிறகு உலகத்தில் அவருக்குத் தெரியாத பொருள் என்று எதுவும் மிச்சமில்லை. எதையும் நிறுத்தால் தெரிந்துவிடும்.

அதனால் ஓகஸ்ட் கடைசியில் கணினியை நிறுத்தார்கள்.

இம்தியாஸ் நானா மாதிரிக் கணினியைத் தோளில் தூக்கிக்கொண்டு கோழி வாங்குகிறவர்களுக்கு நடுவே மாடி ஏறினார். தராசு கீழிருந்து வந்தது. அதில் இரண்டு இறகு ஒட்டியிருந்தது. பழனியாண்டி இறகை ஊதிவிட்டு, கணினியைத் தொங்கவிட்டு, முள் அசைந்து நிற்கும்வரை மூச்சை அடக்கிப் பார்த்தார்.

"ஏழு கிலோ நானூறு. கழிவு ரெண்டு கிலோ."

"என்னா கழிவுங்கய்யா?" என்றான் வினோஜன்.

"சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு."

"இதுல சாக்கு இல்லீங்களே. தண்ணியும் இல்ல."

பழனியாண்டி பேனாவைக் கீழே வைத்தார். கோபம் இல்லை. அறியாப் பிள்ளையிடம் பேசுகிற பொறுமைதான்.

"கொழுந்துல மட்டும் இருந்துச்சா தம்பி? பங்குனி வெயில்ல, எல தொட்டா நொறுங்கும், அப்பயும் தண்ணிக்குக் கழிச்சவன் நான். ஒரு பொம்பள ஏன்னு கேட்டதில்ல. கேக்க ஆரம்பிச்சா நிர்வாகம் எப்புடி நடக்கும்?" மறுபடியும் பேனாவை எடுத்தார். "அஞ்சு கிலோ நானூறு. கம்ப்யூட்டருக்கு நம்ம குழு போட்டிருக்கிற கணக்கு எட்டுக் கிலோ. இது அரைப்பேர்."

இம்தியாஸ் நானாவுக்குத் தோள் வலி. "அப்ப உள்ளுக்கு ரெண்டு செங்கல் வச்சுக் கொண்டாறேன் சேர். முழுப்பேர் போடுவீங்களா?"

பழனியாண்டி இதை நேர்மையாக யோசித்தார். "செங்கலுக்குத் தனியா விலைப்பட்டியல் வேணும்," என்றார்.

செய்தி உள்ளே போயிற்று. தவிசாளர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். அவர் எழுந்து வந்தால் அறையில் இருக்கிறவர்கள் உட்காருவது வழக்கம், ஏனென்றால் அவர் உடனே முடிக்க மாட்டார்.

"அரைப்பேர்!" என்றார் யோகேஸ்வரன். கண் கலங்கியிருந்தது. அவருக்கு வேண்டும்போது கலங்கும். "இருநூறு வருசமா நமக்கு அரைப்பேர் போட்டாங்க. எங்கம்மா அரைப்பேர் வாங்கி என்னை வளத்தாங்க. அந்த அரைப்பேரக் காட்டித்தான் நான் சங்கத்துல சேந்தேன், அந்த அரைப்பேரப் பேசித்தான் நாலு எலக்‌ஷன் கேட்டேன், இன்னைக்கு நான் கார்ல போறேன்னா அது அந்த அரைப்பேர் போட்ட காரு! அப்படிப்பட்ட சமூகத்துப் புள்ளைக்கு, என் காலத்துல, அரைப்பேர் கம்ப்யூட்டரா? விடமாட்டேன். எவன் எழுதுனான் இந்தக் 'தேவையில்லை'ன்னு?"

இம்தியாஸ் நானா படிக்கட்டைப் பார்த்தார்.

"சேர்," என்றான் வினோஜன், "பாட்டுக்கு அந்தக் கார்ட் நெசமாவே தேவையில்லீங்க. பாட்டு காதுக்குத்தானே."

"அப்படிச் சொல்லித்தான் தம்பி நம்மள ஏமாத்துனாங்க. காதுக்கு மட்டும்னு. இனிமே கண்ணுக்கும்!"

நிலக்ஷி மிஸ் கைதட்டினார். அது அவருடைய கடமைப் பட்டியலில் இருந்தது. பழனியாண்டியும் கைதட்டினார். இருநூறு வருடத்தில் முப்பத்தொன்று தன்னுடையது என்பது அவர் ஞாபகத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை.

கார்ட் வேண்டும் என்பது முடிவாகிவிட்டதால், கார்ட் என்றால் என்ன என்பதைக் கண்டுபிடிக்க ஆலோசகர் நியமிக்கப்பட்டார். தவிசாளரின் தங்கை மகன் ஜீவராஜ். கொழும்பில் மூன்று பட்டப்படிப்புகளைத் தொடங்கியவர். இரண்டு வாரம் கழித்து, செப்டெம்பர் நடுவில், கறுப்புக் கண்ணாடியோடு வந்து குழுவின் முன்னால் உட்கார்ந்தார்.

"மாமா, கார்ட் இல்லாத மெஷின் மெஷினே இல்ல. தண்ணி ஓடுறது, புல்லு ஆடுறது, ஒருத்தனச் சுட்டா ரத்தம் தெறிக்கிறது, எல்லாம் கார்ட்லதான்."

"பாட்டுக்கு?" என்றான் வினோஜன்.

"பாட்டு பேக்ரவுண்ட்ல போவும் ப்ரோ."

அவர் சிபாரிசு செய்த கார்ட் ஒரு குழந்தையின் சவப்பெட்டி அளவுப் பெட்டியில் வந்தது. மூன்று விசிறி. பழனியாண்டி தராசில் போட்டார். இரண்டு கிலோ அறுநூறு. கணினியோடு கூட்டினால் பத்து. கழிவு இரண்டு போக, எட்டு.

"சரியா எட்டு!" என்று கூவினார் பழனியாண்டி. தன் அரசாங்கத்துக்கே முழுப்பேர் கிடைத்த மாதிரி முகம். "பாத்தியா தம்பி, விஞ்ஞானமும் நம்ம தராசும் ஒரே எடத்துல வந்து நிக்கிது."

ஒரே ஒரு சிக்கல். அந்தக் கார்ட்டின் விலை மட்டுமே இரண்டு இலட்சத்து நாற்பத்தையாயிரம். மிச்சத் தொகையில் கணினி வராது, மவுஸ் வேண்டுமானால் வரும். நிலக்ஷி மிஸ் ஒரு சுற்றறிக்கையைப் புரட்டி வழி கண்டுபிடித்தார்.

"கார்ட் முதலாம் கட்டம். கம்ப்யூட்டர் ரெண்டாம் கட்டம், அடுத்த வருச ஒதுக்கீட்டுல. முதலாம் கட்டத்தோட பயன்பாட்டு அறிக்கை திருப்தியா இருந்தாத்தான் ரெண்டாவது."

"மிஸ், கம்ப்யூட்டர் இல்லாம கார்ட்ட எப்புடிப் பயன்படுத்துறது?"

"அதத்தான் தம்பி நீங்க அறிக்கையில எழுதணும்."

அன்று மாலை தோட்டத்துக்குப் போகிற பஸ்சில் வினோஜன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு வந்தான். அக்கா கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

"அந்தக் கார்ட்ட வச்சு என்னாதான் செய்யலாம்?"

"கம்ப்யூட்டர்ல போட்டா படம் நல்லா தெரியும்."

"கம்ப்யூட்டர் இல்லாட்டி?"

"மூணு ஃபேன் இருக்கு."

"நம்ம ஊரு குளிருக்கு அதுவும் வேணாமே," என்றாள் பிரேமினி. பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டாள்: "முப்பதுக்கு இன்னும் எத்தன நாள்டா?"

"பதினஞ்சு."

இந்த இடத்தில் சபை அவர்களுக்கு ஒரு நன்மை செய்யப் பார்த்தது. அது தெரிந்து செய்ததல்ல.

கார்ட் வழங்கும் விழா செப்டெம்பர் முப்பதாம் தேதி, நகர மண்டபத்தில் என்று அறிவித்தார்கள். விழாவுக்குக் கண்டியிலிருந்து முழு இசைக்குழு. அதன் செலவில் ஒரு கணினி வாங்கியிருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள், ஆனால் அது வேறு தலைப்பிலான ஒதுக்கீடு. வரவேற்புப் பாட்டைப் 'பயனாளியின் குடும்பத்தினர்' பாட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

வினோஜன் அதை மூன்று முறை படித்தான். வயலின், தபேலா, கீபோர்ட், நல்ல மைக். முழு மியூசிக்கோடு சுத்தமாக ஒரு பாட்டு. இசைக்குழுவின் சவுண்ட்காரர் சின்னராசாவைப் போனில் பிடித்தான்.

"அண்ணே, விழாவுல பாடுறத நீங்க பதியிறீங்களா?"

"எல்லா மைக்கும் தனித்தனியாப் பதியும் தம்பி. நம்ம மிக்சர் புதுசு."

"எங்க அக்கா ஒரு பாட்டு பாடுவாங்க. நாலு நிமிசம். அத மட்டும் எனக்குத் தந்தா..."

"இதுக்கு எதுக்குடா கெஞ்சுற? பென்டிரைவ் கொண்டா."

பதினைந்து நாளும் பிரேமினி மலையில் அதே பாட்டைப் பாடினாள். வினோஜன் தான் செய்த மெட்டிலேயே 'வருக' என்று இரண்டு வரி சேர்த்து, வரவேற்புப் பாட்டாக்கியிருந்தான். மெட்டை இசைக்குழுவுக்கு அனுப்பினான். வயலின்காரர் 'மெட்டு யாருது? நல்லாருக்கே' என்று கேட்டு அனுப்பியிருந்தார். அந்தச் செய்தியை அவன் அழிக்கவேயில்லை.

முப்பதாம் தேதி காலை மண்டபம் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறைத்திருந்தார்கள். மேடை நடுவில் பட்டுத் துணி போர்த்திய மேசையில் கார்ட் பெட்டி, மாலையோடு. பிரேமினி தன் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த சேலையில் வந்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்து நின்றாள். சின்னராசா கட்டைவிரலை உயர்த்தினார். மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தது. வயலின் எழுந்தது, தபேலா சேர்ந்தது. பிரேமினி முதல் வரியைப் பாடினாள்.

பின்வரிசையில் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள்கூட பிஸ்கட் பையை மடியில் வைத்தார்கள்.

இரண்டாம் வரியின் பாதியில் மண்டபக் கதவு திறந்து தவிசாளர் யோகேஸ்வரன் உள்ளே வந்தார். சபை ஒழுங்கின்படி எல்லோரும் எழுந்தார்கள். அவர் கைகூப்பியபடி நேரே மேடையேறி, பிரேமினியின் தோளைத் தட்டி, "போதும்மா, ரொம்ப அருமை," என்று சொல்லி அவள் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இந்தக் குரல்!" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இந்தக் குரலை இருநூறு வருசமா யாரும் பாடவிடல!"

கைதட்டல் ஓயச் சற்று நேரம் பிடித்தது. அவர் பேசி முடிக்க ஒரு மணி நாற்பது நிமிடம் பிடித்தது. பிரேமினி முழுநேரமும் மேடையிலேயே நின்றாள். இறங்கச் சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை. அவள் இரண்டு கையும், மைக் இருந்த உயரத்திலேயே, கோர்த்தபடி இருந்தன.

பேச்சு முடிந்ததும் வினோஜன் சின்னராசாவிடம் ஓடினான். "அண்ணே, இன்னொரு தடவ பாடவிடுங்களேன். நாலே நிமிசம்."

சின்னராசா வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "கந்தப்பளையில கல்யாணம் தம்பி, ரெண்டு மணிக்கு. இப்பவே லேட்டு. பதிஞ்சதத் தாறேன்."

"சேர் பேசுனது தனி ட்ராக்ல இருக்கும்ல? அத எடுத்துட்டா..."

"அவரு அக்காட மைக்கையே வாங்கிட்டாருப்பா. அது அவரோட ட்ராக் ஆயிருச்சு."

பென்டிரைவில் பிரேமினியின் குரல் பதினொரு விநாடி இருந்தது. சுத்தமான பதினொரு விநாடி. நாய் இல்லை, தகரம் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு மணி நாற்பது நிமிடம் மலையகத்தின் விடிவு.

வினோஜன் அந்தப் பதினொரு விநாடியை வெட்டி, மண்டபத்துப் படியில் உட்கார்ந்தபடி கொழும்புக்கு அனுப்பினான். கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

'அருமை! இதேதான் வேணும். மீதியை இன்று ஐந்து மணிக்குள் அனுப்புங்கள்.'

மூன்றாம் தேதி ஏஜென்சி வேன் லயத்து முனைக்கு வந்தது. அழகம்மா மகளின் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டே இருந்தாள், கட்டியதையே அவிழ்த்து மறுபடி.

"கார்ட் எத்தன கிலோன்னு சொன்ன?" என்றாள் பிரேமினி, வேனில் ஏறும்போது.

"ரெண்டு அறுநூறு."

"எனக்கு முப்பது கிலோ விடுறாங்க. கழிவு கெடையாதாம்."

கதவு சாத்தப்பட்டது.

கார்ட் வினோஜன் கைக்கு வரவில்லை. விழா மேடையில் அதைத் தொட்டபடி போட்டோ எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். நிலக்ஷி மிஸ் விளக்கினார்: கணினி இல்லாத காம்பராவில் அரசாங்கச் சொத்தை வைத்தால் ஈரம் ஏறும். ஆகவே அது தகுதியான கணினி ஒன்றினுள் பாதுகாப்பில் வைக்கப்பட வேண்டும். மாவட்டத்தில் தகுதியான கணினி ஒன்று ஆலோசகர் ஜீவராஜ் வீட்டில் இருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள் ஏழரைக்குப் பயனாளி அங்கே பெரட்டுக்கு நின்று, கார்ட் நலமாக இருப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜனவரியில் பயன்பாட்டு அறிக்கைக்கான பரிசோதனை வந்தது. அன்று பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. வினோஜன் பாதித் தூரம் நடந்து வந்து சேர்ந்தபோது ஜீவராஜின் அறையில் தவிசாளர் சோபாவில், பழனியாண்டி புத்தகத்தோடு நாற்காலியில், நிலக்ஷி மிஸ் நின்றுகொண்டு. பெரிய திரையில் ஒரு அருவி கொட்டியது. ஜீவராஜ் துப்பாக்கியோடு அதன் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். மூன்று விசிறியும் ம்ம்ம் என்று பாடிக்கொண்டிருந்தன. இம்தியாஸ் நானா சொன்ன அதே சுருதி.

"தண்ணியப் பாருங்க," என்றார் யோகேஸ்வரன், "தொட்டா கை நனையும். ஆனா தம்பி, இதுல இசை எங்க? அறிக்கையில இசைன்னு வரணுமே."

அந்த நேரம் பார்த்து வினோஜன் போனில் அக்காவின் குரல்பதிவு வந்தது. வாரத்தில் ஒரு நாள், வீட்டுக்கார அம்மா வெளியே போகும்போது, அனுப்புவாள்.

"ஆரு அது, நம்ம வரவேற்புப் பொண்ணா? போடு போடு, எல்லாரும் கேக்கட்டும்."

வினோஜன் போனின் சத்தத்தைக் கூட்டினான். போட்டான். குவைத்தில் ஒரு துணி துவைக்கும் இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது. அதற்கு மேலே, மூச்சு வாங்கியபடி, பிரேமினி அந்தப் பாட்டின் இரண்டாம் வரியின் மீதிப் பாதியிலிருந்து பாடினாள்.

தவிசாளர் திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாட்டு! படம்! ரெண்டும் ஒண்ணா! பாத்தீங்களா, கம்ப்யூட்டர் இல்லாமலே கார்ட் வேலை செய்யுது. எழுதிக்கங்க மிஸ்: முதலாம் கட்டம் முழு வெற்றி. கலைஞரின் குரல் கடல் கடந்து ஒலிக்கிறது."

"அப்ப ரெண்டாம் கட்டம் சேர்?" என்றார் நிலக்ஷி மிஸ்.

"இதுலயே எல்லாம் நடக்கும்போது ரெண்டாம் கட்டம் எதுக்கு? வீண் செலவு. வெட்டிருங்க."

நிலக்ஷி மிஸ் வெட்டினார். ஜீவராஜ் திரையில் யாரையோ சுட்டார். ரத்தம், அவர் அன்றைக்குச் சொன்னபடியே, தத்ரூபமாகத் தெறித்தது.

பழனியாண்டி செக்ரோல் புத்தகத்தைத் திறந்து வினோஜனின் பேருக்கு நேரே விரலை வைத்தார்.

"பெரட்டு எத்தன மணிக்கு?"

"ஏழரைக்குங்கய்யா."

"நீ வந்தது?"

"ஒம்பது பத்துங்க. மண்ணு சரிஞ்சு பஸ்சு..."

பழனியாண்டி ஏற்கனவே எழுதிவிட்டிருந்தார். அழகம்மாவுக்கு எழுதிய அதே அரை, அதே சாய்வு. வினோஜனின் கையில் அக்கா இன்னும் பாடிக்கொண்டிருந்தாள்.

"அத நிப்பாட்டுப்பா," என்றார், மை காய ஊதிக்கொண்டே. "கணக்கு எழுதுறப்ப சத்தம் ஆகாது."